சுவிட்ச் போர்டை ஆறடி தள்ளி வைக்க, வீட்டு வயரிங்கையே மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். கோபி (கோபிசெட்டிபாளையம்) பக்கத்தில் உங்கள் அப்பாரு 1980களில் கட்டிய வீடு. முன்பாகம் தார்சு (சமதளக் கூரை), பின்னால் சமையல்கட்டு மட்டும் மண்சுவரும் ஓடும். இப்போது சமையல்கட்டுக்கும் ஆசாரத்துக்கும் (கூடத்துக்கும்) நடுவில் இருக்கிற சுவரை எடுக்கப்போகிறீர்கள். அதிலிருக்கும் சுவிட்ச் போர்டு ஆறடி தள்ளி அடுத்த சுவருக்குப் போக வேண்டும். உள்ளூர் எலக்ட்ரீசியன், "இருக்கிற வயர்லயே ஜாயிண்ட் போட்டு இழுத்துக்கலாமுங்க, அரை நாள் வேலை" என்கிறார். பெங்களூரில் இருக்கிற மச்சான், மொத்த வீட்டுக்கும் புது வயர் போடு என்கிறார். இரண்டில் எது சரி? அப்புறம், வீடியோ பார்த்து நாமே செய்துகொள்ள முடியுமா?

போர்டை நகர்த்துவது பற்றி நீங்கள் கேட்டிருந்தாலும், உள்ளே இருக்கிற கேள்வி வேறு. நாற்பது வருடமாகச் சுவருக்குள் யாரும் தொடாமல் கிடந்த வயரைத் தொடலாமா, தொட்டால் அது தாங்குமா என்பதுதான் அது. ஐடிஐயில் வயர்மேன் படித்துவிட்டு 27 வருடமாக ஈரோடு, கோபி, பெருந்துறை சுற்றுவட்டாரத்தில் இந்த வேலை செய்கிறேன். புது வீட்டுக்கு வயரிங் போட்டதைவிடப் பழைய வீட்டைப் பிரித்துப் பார்த்ததில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். ஆனால் உங்கள் சுவரை நான் பார்க்கவில்லை. அதனால் நிச்சயமாகச் சொல்லக்கூடியதை நிச்சயமாகச் சொல்கிறேன்; நேரில் பார்த்தால்தான் தெரியும் என்பதை அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்த நடுச்சுவர் கூரைப் பாரத்தைத் தாங்குகிறதா என்பதை மட்டும் ஒரு கட்டட இன்ஜினியரிடம் கேட்டுவிடுங்கள், அது என் வேலை இல்லை.

நிச்சயமானது இது: ஜாயிண்ட் போடுவது தப்பில்லை, ஜாயிண்டைச் சுவருக்குள் புதைப்பதுதான் தப்பு. எந்த ஜாயிண்டும் ஒரு பெட்டிக்குள், மூடி போட்டு, என்றைக்கு வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றி, குழாய்க்குள் தள்ளி, கொத்தனார் மேலே பூசிவிட்டால் அந்த இடம் வீட்டில் யாருக்கும் தெரியாத இடமாகிவிடும். வயரில் சூடு ஏறுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, இணைப்பில்தான். இணைப்பு தளர்ந்தால் அங்கே தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் இன்னும் தளரும். அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழுகிற எம்சிபி சுவிட்சுக்கு இது தெரியாது. ஏனென்றால் ஓடுகிற கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது, எரிவது ஜாயிண்ட் மட்டும்தான்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம் கவுந்தப்பாடி பக்கம் ஒரு வீட்டில் நானே செய்தேன். பழையது அலுமினிய வயர், நான் கொண்டுபோனது காப்பர். இரண்டையும் நன்றாக முறுக்கி, நாலு சுற்று டேப் போட்டு, பூச்சுக்குள் விட்டுவிட்டு வந்தேன். ஒரு வருடம் கழித்து அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார்: "தம்பி, சுவத்துல கை வெச்சா சுடுதுங்க." உடைத்துப் பார்த்தால் டேப் கருகிக் கட்டியாக இருந்தது. அலுமினியம் காற்றுப் பட்டாலே மேலே ஒரு படலம் பிடிக்கும். அந்தப் படலத்தில் கரண்ட் சரியாகப் போகாது. சூட்டில் காப்பரைவிட அதிகமாக விரியும், மென்மையானது என்பதால் பிடி விட்டுக்கொடுக்கும். ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரிக்கும். அன்றைக்கு அந்தச் சுவரை என் செலவில் பூசிக் கொடுத்தேன்.

அதனால் எலக்ட்ரீசியன் சொன்னது சரியா என்று பார்க்கும் முன் அந்தப் போர்டைத் திறந்து, உள்ளே என்ன வயர் இருக்கிறது என்று பாருங்கள். திறக்கிறதற்கு முன் மெயினை நிறுத்துங்கள், இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். இந்த இரண்டாவதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். நம் பக்கத்தில் 2010ஐ ஒட்டி மணிக்கணக்கில் கரண்ட் கட் இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்டது. மெயின் நின்ற அடுத்த நொடியே அது அதே வயருக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பிக்கும். மெயினை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் கை வைத்து அடி வாங்கிய எலக்ட்ரீசியன்கள் எங்களிலேயே உண்டு. டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். காலில் செருப்பும் மனதில் அவசரமும் இருந்தால் அந்தச் சின்ன வெளிச்சம் கண்ணுக்குப் படாது. டெஸ்ட் லாம்ப் (ஹோல்டரில் பல்பும் இரண்டு வயரும்) வைத்துப் பாருங்கள். முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் இங்கே வைக்க வேண்டும்.

வயரின் முனையைக் கொஞ்சம் சுரண்டுங்கள். வெள்ளி நிறம் வந்தால் சுரண்டிய இடத்தின் உள்பக்கத்தையும் பாருங்கள்; வெள்ளீயம் பூசிய காப்பர் என்றால் உள்ளே சிவப்பு தெரியும், அலுமினியம் என்றால் உள்ளேயும் வெள்ளைதான். மேல் தோலை மெதுவாக வளைத்துப் பாருங்கள். அப்பளம் மாதிரி நொறுங்கினால் பேச்சே வேண்டாம், அந்த லைன் முழுவதும் மாற்ற வேண்டியதுதான். அந்தக் காலத்து வயரை 3/20, 1/18 என்று நம்பர் சொல்லித்தான் கடையில் வாங்குவோம். 3/20 என்றால் 20ஆம் கேஜ் கம்பி மூன்று இழை, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). 1/18 என்றால் ஒற்றைக் கம்பி, 1 ஸ்கொயருக்குக் கொஞ்சம் மேல். சமையல்கட்டு போர்டுக்கு 1/18 வந்திருந்தால் அது லைட்டுக்காகப் போட்டது, நீங்கள் மாட்டப்போகிற சாமானுக்காக இல்லை. பச்சை வயரே இல்லையென்றால் எர்த் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை இருந்தாலும் அது எங்காவது போய்ச் சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. மூன்று துளை பிளக் வைத்து, எர்த் துளையில் வயரே கொடுக்காத வீடு நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

கண்ணால் பார்ப்பது பாதிதான். மீதிக்கு மெக்கர் வேண்டும், வயர்த் தோல் கரண்டைக் கசியவிடாமல் தாங்குகிறதா என்று அளக்கிற மீட்டர் அது. லைசென்ஸ் உள்ள எந்த ஒப்பந்ததாரரிடமும் அது இருக்கும், இல்லையென்றால் ஆளை மாற்றுங்கள். பல்பு, டிவி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரை ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனில் தோல் எங்கோ கெட்டிருக்கிறது. நல்ல புது வயர் என்றால் மெகா ஓம் நூற்றுக்கணக்கில் காட்டும். ஒன்றுக்கும் பத்துக்கும் நடுவில் வந்தால் விதிப்படி பாஸ்தான், ஆனால் என் வீடாக இருந்தால் ஆள் இருக்கும்போதே, சுவர் உடைந்து கிடக்கும்போதே மாற்றிவிடுவேன். இது விதி இல்லை, என் கருத்து. மழைக்காலத்தில் மண்சுவரில் எடுத்த வாசிப்பும் சித்திரையில் எடுத்த வாசிப்பும் ஒன்றாக இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

இப்போது மச்சான் சொன்னதற்கு வருகிறேன். மொத்த வீட்டையும் மாற்றுவது தப்பில்லை, ஆனால் அவசியமா என்பதை மெக்கர்தான் சொல்ல வேண்டும், வீட்டின் வயது இல்லை. முன்பாகத்து லைன்கள் காப்பராக இருந்து, வாசிப்பும் நன்றாக இருந்தால் அவை லைட்டும் ஃபேனும் இழுத்துக்கொண்டு இருக்கட்டும். சமையல்கட்டை மட்டும் தனியாகப் பிரித்து, வீட்டு லைன்கள் பிரிகிற டிபி பாக்ஸிலிருந்தே புதிதாக எடுங்கள். பழைய போர்டிலிருந்து நீட்டுவது அங்கே எனக்குச் சம்மதமில்லை. காரணம் சுமை. நீங்கள் எழுதிய பட்டியலில் கீசர் 2000 வாட், இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட். 230 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 8.7 ஆம்பியர். காலையில் ஒருவர் குளிக்க, ஒருவர் பால் காய்ச்ச, 17 ஆம்பியருக்கு மேல் ஒரே நேரத்தில் போகும். மிக்சி, ஃபிரிட்ஜ் அதற்கு மேல். சிம்னியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது ஒரு ஃபேன் மாதிரிதான்.

கீசருக்கு 4 ஸ்கொயரில் தனி லைன், தனி எம்சிபி, பாத்ரூமுக்கு வெளியே, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கிற 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச். இண்டக்ஷனுக்கு 2.5 ஸ்கொயரில் தனியாக ஒன்று. மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜுக்கு இன்னொரு 2.5. லைட், ஃபேனுக்கு 1.5 போதும். எம்சிபியை வயருக்குத் தகுந்து போட வேண்டும், சாமானுக்குத் தகுந்து இல்லை: 1.5க்கு 10 ஆம்பியர், 2.5க்கு 16, 4க்கு 20 அல்லது 25. அடிக்கடி விழுகிறது என்று யாராவது 16ஐக் கழற்றி 32 மாட்டினால், பழையபடி கிட்காட்டில் (ஃபியூஸ் கட்டையில்) ஃபியூஸுக்குப் பதில் கட்டுக்கம்பி கட்டின கதைதான்.

நியூட்ரல் விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, பழைய வீட்டில் பாதி தலைவலி அங்கேதான். அன்றைக்கு வயரை மிச்சம் பிடிக்க, ஒரு அறைக்கு ஃபேஸ் ஒரு பக்கமிருந்தும் நியூட்ரல் அடுத்த அறையிலிருந்தும் எடுத்திருப்பார்கள். லைட் எரியும், யாருக்கும் எதுவும் தெரியாது. இன்றைக்கு நீங்கள் ஆர்சிசிபி மாட்டினால் தெரியும். ஆர்சிசிபி செய்கிற வேலை மண்டிக் கணக்குப்பிள்ளை வேலை. ஃபேஸில் போனது எவ்வளவு, நியூட்ரலில் திரும்பி வந்தது எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கடையை மூடிவிடும். அந்த இரவல் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட் வேறு வழியில் போனால் கணக்கு உதைக்கும், ஆர்சிசிபி விழும். இன்வெர்ட்டர் லைனுக்கும் சாதா லைனுக்கும் ஒரே நியூட்ரல் என்றாலும் இதேதான். அப்போது, "இந்த ஆர்சிசிபியே தொல்லைங்க, எடுத்துடலாம்" என்பார்கள். எடுக்க விடாதீர்கள். அது வயரிங்கில் இருக்கிற தப்பைத்தான் காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு லைனுக்கும் அதனதன் நியூட்ரல், இன்வெர்ட்டருக்கு முற்றிலும் தனி நியூட்ரல் என்று பிரித்துவிட்டால் தானாக நிற்கும். போர்டை நகர்த்தும்போது இதைச் சரிசெய்ய நல்ல வாய்ப்பு. பூச்சு முடிந்த பிறகு யாரும் செய்ய மாட்டார்கள்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். சில பழைய வீடுகளில் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலில் இருக்கும். சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும், பல்பு மாற்றுகிறவருக்கு அடிக்கும்.

எர்த்துக்கு வருவோம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, நம் பக்கத்தில் அது இல்லாத சமையல்கட்டு கிடையாது. கிரைண்டர் இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். ஆனால் உளுந்து தண்ணீர், ஈரக் கை, வெறுங்கால், இரும்புக் கூடு எல்லாம் ஒரே இடத்தில் சேர்கிற சாமான் வீட்டில் அது ஒன்றுதான். மூன்று பின்னில் ஒரு பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதை இன்றைக்கும் பார்க்கிறேன். அந்தச் சாக்கெட்டுக்கு எர்த் வந்தே ஆக வேண்டும். மண் காய்ந்தால் எர்த் குழியின் தடை கூடும். நம் செம்மண்ணும் அடியில் இருக்கிற பாறையும் கோடையில் சீக்கிரம் காய்கிற வகை. குழி எங்கே இருக்கிறது என்பதே தெரியாமல் மேலே டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். மாசி, பங்குனியில் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். எர்த் இல்லாததற்கு நியூட்ரலையே எர்த் பின்னில் இணைத்துக் கொடுக்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் ஃபிரிட்ஜின் கூடே 230 வோல்ட்டாகிவிடும். யாராவது அப்படிச் செய்ய வந்தால் கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள்.

சுவரைப் பொறுத்தவரை, நான் எழுதுவதில் சந்தேகம் அதிகமாக இருக்கிற இடம் இதுதான். குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டுவதற்குத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: மேலிருந்து கீழாக என்றால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் கூடாது, படுக்கைவாட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்றால் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். குழாயே 20 மில்லிமீட்டர். ஆக அரைச்செங்கல் சுவரில் படுக்கைவாட்டில் காடி என்பதே கிடையாது. மேலே ஏற்றி, கூரையை ஒட்டிக் கொண்டுபோய், புது போர்டுக்கு நேர் மேலே இறக்குங்கள். வயர் கொஞ்சம் அதிகம் ஆகும், பரவாயில்லை. நேராக இறங்குவதில் இன்னொரு லாபம், நாளைக்குக் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பவருக்கு வயர் எங்கே என்று தெரியும். குழாய்க்குள் வயரைத் திணிக்காதீர்கள், உள்ளிடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் நிறையக் கூடாது என்பது கணக்கு.

பின்னால் இருக்கிற மண்சுவரில் காடியே வெட்ட வேண்டாம் என்பது என் யோசனை. கட்டர் வைத்தால் கோடு நிற்காது, கட்டி கட்டியாக விழும். போர்டு பெட்டியைப் பதித்தாலும் பிளக்கைப் பிடுங்குகிற இழுப்பில் ஆறு மாதத்தில் பெட்டியே ஆடும். அங்கே வெளியில் தெரிகிற மாதிரி பிவிசி கேசிங் பட்டியில் கொண்டுபோங்கள். ஆசாரி பரண் அடிக்கப்போகிறார் என்றால் அந்த மரத்தின் ஓரமாகவே மறைத்துக்கொள்ளலாம். அழகு குறைவுதான், ஆனால் ஓடு ஒழுகி மண்சுவர் நனைகிற ஐப்பசியில் வயர் சுவருக்கு வெளியே இருப்பது எவ்வளவு நல்லது என்று தெரியும். சுவர் மண்ணா, மண்சாந்தில் கட்டிய செங்கல்லா என்பது ஒரு ஆணி அடித்தாலே தெரிந்துவிடும். செங்கல் என்றால் ஒன்பது அங்குலச் சுவரில் நேர்க்காடி தாங்கும்.

போர்டின் இடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தரையிலிருந்து நாலடி உயரம் வழக்கம். ஆத்தா கூட இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், மூன்றரை அடி வையுங்கள். கதவு திறந்தால் போர்டு கதவுக்குப் பின்னால் போகக் கூடாது. மேடைக்கு மேலே இருக்கிற பிளக்குகள் தொட்டியிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். அடுப்புக்கு நேர் மேலே வைத்த சாக்கெட்டுகளை எண்ணெய்ப் பிசுக்கோடு கழற்றியே எனக்கு அலுத்துவிட்டது. சுவரை எடுத்ததும் சமையல்கட்டும் ஆசாரமும் ஒரே இடமாகிவிடும், அதனால் நடு லைட்டுக்கு, எந்தப் பக்கமிருந்தும் போடவும் அணைக்கவும் முடிகிற மாதிரி, இரண்டு பக்கமும் டூ வே சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு சுவிட்சுக்கும் நடுவில் கூடுதலாக வயர் போக வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும்.

நாமே செய்யலாமா என்ற கேள்விக்கு, மாற்றுவது வேறு, இடம் மாற்றுவது வேறு. இருக்கிற இடத்திலேயே பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாதிரியானவற்றை, அதன் திறனும் தன்மையும் மாறாமல் மாற்றிக்கொள்வதை மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. புது லைன் இழுப்பதும் இருப்பதை மாற்றியமைப்பதும் லைசென்ஸ் உள்ள மின் ஒப்பந்ததாரர் வழியாகத்தான் நடக்க வேண்டும். காடி வெட்டுவது, குழாய் பதிப்பது, இடம் குறிப்பது இவற்றில் நீங்கள் கூட நின்று கூலியை மிச்சம் பிடிக்கலாம். வயர் இணைப்பதும் சோதிப்பதும் அவரிடம் இருக்கட்டும்.

மீட்டரையும் நகர்த்த வேண்டியிருந்தால் சீலில் யாரும் கை வைக்கக் கூடாது, ஈ.பி. ஆபீசில் எழுதிக் கொடுத்து அவர்கள்தான் நகர்த்துவார்கள். கீசரும் இண்டக்ஷனும் சேர்வதால் இணைப்புச் சுமையைக் கூட்டவும் அதே நேரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கிணற்று மோட்டார் ரூமிலிருந்து ஒரு லைன் வீட்டுக்கு வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் துண்டித்துவிடுங்கள். விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த மின்சாரத்தை வீட்டுக்கு எடுத்தால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் கணக்குப் போட்டு வசூலிக்க இடமிருக்கிறது. அதைவிடப் பயம், வீட்டு மெயினை இறக்கினாலும் அந்த லைனில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். போர்டைக் கழற்றுகிற அன்றைக்கு எலக்ட்ரீசியனுக்கு அது தெரிந்திருக்காது.

பழைய போர்டு இருந்த இடத்தில் சுவரே போய்விடுவதால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்தப் போர்டிலிருந்து முன்பாகத்துக்கு ஏதாவது லைன் லூப் ஆகிப் போயிருக்கலாம். சுவரை இடிக்கும் முன், போர்டின் ஒவ்வொரு வயரையும் கழற்றிக் கழற்றி எந்த அறை அணைகிறது என்று பார்த்துச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். காடியைப் பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மெக்கர் வாசிப்பும் வயர் என்ன உலோகம் என்பதும் தெரிந்ததும் எழுதுங்கள், முன்பாகத்தில் எந்த லைனை விட்டுவைக்கலாம் என்பதை அப்போது பேசலாம்.